கண்புரை ஆபரேஷனுக்கு முன் பயத்தைப் பேசித் தணிப்பது எப்படி?

"பயப்படாதீங்க" என்றால் பயம் போகாது. முந்தின நாளே, நோயாளியோடு துணைக்கு வந்தவரையும் உட்காரவைத்து 10 நிமிடம் பேசுங்கள்.

பலர் கேட்கத் தயங்கும் கேள்வி: "கண்ணை வெளியே எடுத்து வைப்பாங்களா?" கேட்காவிட்டாலும் பதில் சொல்லிவிடுங்கள். கண் இருந்த இடத்திலேயே இருக்கும். பேக்கோ (அல்ட்ராசவுண்ட் அதிர்வைப் பயன்படுத்தும்) முறையில் 3 மில்லிமீட்டருக்கும் குறைவான கீறல் வழியே மங்கிய லென்ஸைக் கரைத்து உறிஞ்சி, புது லென்ஸ் வைப்பார்கள். இமை மூடாமல் கிளிப் பிடித்துக்கொள்ளும். சிமிட்டிவிடுவோமோ என்ற கவலை வேண்டாம்.

பிறகு உடம்பு உணரப்போவதைச் சொல்லுங்கள்: சொட்டு மருந்தின் எரிச்சல், கூசும் வெளிச்சம், கன்னத்தில் வழியும் தண்ணீர், லேசான அழுத்தம். உள்ளே போனதும் பதற வைப்பது முகத்தை மூடும் துணிதான், மூச்சு முட்டுமோ என்று. பேசும்போதே ஒரு மெல்லிய துண்டை முகத்தில் 1 நிமிடம் போட்டுப் பழக்குங்கள். இருமல் வந்தால் தலையை அசைக்காமல், "டாக்டர், இருமல் வருது" என்று முன்கூட்டியே சொல்லவேண்டும். மல்லாந்து படுத்தால் மூச்சு இளைக்கிறவரா என்பதையும் இப்போதே கேட்டு டாக்டரிடம் தெரிவியுங்கள்.

"வலியே இருக்காது" என்று சத்தியம் செய்யாதீர்கள். லேசாக அழுத்தினாலும் நம்பிக்கை போய்விடும். ஆபரேஷன் வீடியோ? கேட்பவருக்கு மட்டும். முடிவில், "நாளைக்கு என்னென்ன நடக்கும், நீங்க சொல்லுங்க பார்ப்போம்" என்று கேளுங்கள். தடுமாறும் இடத்தை மட்டும் மறுபடி விளக்கினால் போதும்.