பழைய பெப்பிள் வாட்ச்: வாங்குமுன் நிறைகுறை பார்ப்பது எப்படி?

எரிக் மிகிகாவ்ஸ்கியின் குழு 2012 ஏப்ரலில் பெப்பிள் என்ற ஸ்மார்ட்வாட்சை அறிவித்து, கிக்ஸ்டார்ட்டர் என்ற கூட்டுநிதித் தளத்தில் ஏறத்தாழ 69,000 பேரிடமிருந்து ஒரு கோடி டாலருக்கு மேல் திரட்டியது. 2013 ஜனவரியில் வாட்ச் கைக்கு வரத் தொடங்கியது. ஆப்பிள் வாட்ச் வந்தது 2015இல்தான். அந்த முதல் பெப்பிளை இன்று செகண்ட் ஹேண்டில் வாங்க நினைத்தால் வசதிகளின் பட்டியலை வைத்து முடிவு செய்யாதீர்கள். வாட்ச் தானாகச் செய்யும் வேலை எது, போனை நம்பிச் செய்யும் வேலை எது, சர்வரை நம்பிச் செய்யும் வேலை எது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

தேடும்போதே ஓர் எச்சரிக்கை. இந்தியக் கடைகளில் 'பெப்பிள்' என்ற பெயரில் கிடைக்கும் தொடுதிரை வாட்ச்கள் வேறொரு நிறுவனத்துடையவை. இங்கே சொல்வது தொடுதிரை இல்லாத வாட்ச்: இடப்பக்கம் ஒரு பொத்தான், வலப்பக்கம் மூன்று. விற்பவரிடம் இரண்டு பக்கவாட்டுப் படங்களையும் கேட்டு வாங்குங்கள்.

தானாகச் செய்யும் வேலை

இதில்தான் பெப்பிளின் பலம். 1.26 அங்குலத் திரை, 144×168 பிக்சல், கறுப்பு வெள்ளை மட்டும். இந்த வகை மெமரி எல்.சி.டி.க்கு, காட்டும் படம் மாறாத வரை மிகக் குறைந்த மின்சாரமே போதும். அதனால் திரையை அணைக்கத் தேவையில்லை. எப்போது பார்த்தாலும் மணி தெரியும். வெளிச்சத்தைப் பிரதிபலித்துக் காட்டும் திரை என்பதால் உச்சி வெயிலில் இன்னும் தெளிவாக இருக்கும். 130 எம்.ஏ.எச். பேட்டரி புதிதாக இருந்தபோது ஏழு நாள் வரை தாங்கும் என்றே விற்றார்கள். அலாரம், அதிர்வு, பேக்லைட் எதற்கும் போன் வேண்டாம். ஈரக் கையாலும் பொத்தானை அழுத்தலாம். ஸ்ட்ராப் சாதாரண 22 மி.மீ. அளவு, எந்தக் கடிகாரக் கடையிலும் கிடைக்கும்.

இதயத்துடிப்பு சென்சார், ஜி.பி.எஸ்., மைக், ஸ்பீக்கர் எதுவும் இல்லை. நடையையும் தூக்கத்தையும் கணக்கிடும் பெப்பிள் ஹெல்த் வசதியும் 2015இல் வந்த பெப்பிள் டைம் வரிசைக்கும் அதற்குப் பின் வந்தவற்றுக்கும்தான் உண்டு. உடற்பயிற்சிக் கணக்குக்காக வாட்ச் தேடுபவர் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

போனை நம்பிச் செய்யும் வேலை

நம்மவர்களுக்கு முக்கியமான குறை: வாட்சில் தமிழ் எழுத்துரு கிடையாது. வாட்ஸ்அப்பில் தமிழில் வரும் செய்தி வெறும் கட்டங்களாகத் தெரியும். யார் அனுப்பினார் என்பதுகூட, போனில் பெயரை ஆங்கில எழுத்தில் சேமித்திருந்தால்தான் தெரியும். உங்கள் குடும்பக் குழுக்கள் தமிழில் பேசுபவை என்றால், 'ஏதோ வந்திருக்கிறது' என்று சொல்லும் அதிர்வுதான் மிச்சம்.

ஐபோனுடன் இணைக்கும்போது புளூடூத் பட்டியலில் 'பெப்பிள்' என்று ஒன்று, 'பெப்பிள் எல்.இ.' என்று ஒன்று, ஆக இரண்டு பெயர்கள் வர வேண்டும். எல்.இ. என்பது குறைந்த மின்சாரப் புளூடூத்; அந்த இணைப்பு விட்டுப்போனால் ஆப் வேலை செய்யும், அறிவிப்பு மட்டும் வராது. ஆண்ட்ராய்டில் அறிவிப்புகளைப் படிக்கும் அனுமதியைக் கொடுங்கள். பேட்டரி சேமிப்புப் பட்டியலிலிருந்து ஆப்பை விலக்குங்கள். இரண்டாவதைச் செய்யாவிட்டால், போன் பின்னணியில் ஆப்பை நிறுத்தும்போதெல்லாம் இணைப்பு அறுந்துவிடும்.

சர்வரை நம்பிச் செய்யும் வேலை

2016 டிசம்பரில் ஃபிட்பிட் பெப்பிளின் மென்பொருளையும் காப்புரிமைகளையும் வாங்கியது. வன்பொருள் தயாரிப்பு நின்றது. 2018 ஜூன் 30இல் சர்வர்கள் மூடப்பட்டன. ரெபிள் என்ற ஆர்வலர் குழு ஆப் ஸ்டோரை மீட்டு நடத்தியது. வானிலைக்கு அங்கே சந்தா உண்டு. ஃபிட்பிட்டைப் பின்னர் வாங்கிய கூகுள், 2025 ஜனவரியில் பெப்பிளின் இயங்குதள நிரலை வெளியிட்டது. பழைய ஆண்ட்ராய்டு ஆப் 32 பிட் காலத்தது, 64 பிட் மட்டும் ஏற்கும் புதுப் போன்களில் ஓடாது. காட்ஜெட்பிரிட்ஜ் என்ற இலவச ஆப் சர்வர் இல்லாமலே வாட்சை இணைத்துக்கொள்ளும். பணம் கொடுக்கும் முன், உங்கள் போனில் இணைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

அப்போது விற்பவர் ஃபேக்டரி ரீசெட் செய்ய முனைந்தால் தடுங்கள். ரீசெட்டுக்குப் பின் வாட்ச் மீட்பு நிலைக்குப் போய், போன் வழியாக ஃபர்ம்வேரை, அதாவது வாட்சின் அடிப்படை மென்பொருளை, கேட்கும். ஏற்ற ஆப் கையில் இல்லையென்றால் அங்கேயே நின்றுவிடும். வாட்சின் செட்டிங்ஸில் புளூடூத்துக்குப் போய், பழைய போனை மறக்கச் செய்தாலே போதும்.

கையில் எடுத்துச் சோதிக்க

திரை: நொடி ஓடும் முகப்பை வையுங்கள். படுக்கைக் கோடுகளோ புள்ளி இரைச்சலோ வந்தால் திரையின் விளிம்பை விரலால் மெல்ல அழுத்துங்கள். அழுத்தும்போது சரியாகி, விட்டதும் திரும்ப வந்தால், திரையையும் சர்க்யூட் போர்டையும் இணைக்கும் ரப்பர் கனெக்டர் தொடர்பு இழந்திருக்கிறது. முதல் பெப்பிளின் பெயர்பெற்ற கோளாறு இது. கனெக்டருக்குப் பின்னால் மெல்லிய அட்டைத் துண்டு வைத்து அழுத்தம் கொடுத்தால் சரியாகும். ஆனால் முன்பக்கம் பசையால் ஒட்டப்பட்டது. சூடேற்றிப் பெயர்த்தால் 5 ஏ.டி.எம். (50 மீட்டர் ஆழ நீரழுத்தத்துக்கு இணையான) நீர்த்தடுப்பு போய்விடும். இந்தக் கோளாறோடு வருவதை உதிரிபாக விலைக்குக் கேளுங்கள்.

பேட்டரி: முழுதாக ஏற்றி, 24 மணி நேரம் கையில் கட்டிப் பாருங்கள். ஏழு நாள் என்பது நாளுக்குச் சுமார் 14 சதவீதம். 25 சதவீதம் இறங்கினால் நான்கு நாள் வரும், அது போதும். பாதிக்கு மேல் இறங்கினால் வேண்டாம். முன்கண்ணாடி ஒரு பக்கம் எழும்பியிருந்தால் பேட்டரி உப்பியிருக்கலாம். அதை சார்ஜில் போடவே போடாதீர்கள்.

சார்ஜர்: இதன் காந்தக் கேபிள் இடப்பக்கத்தில் ஒட்டும். டைம் வரிசையின் கேபிள் பின்புறம் ஒட்டுவது, இதற்குப் பொருந்தாது. ஆகவே கேபிளோடு வருவதையே வாங்குங்கள். சார்ஜ் ஏறாவிட்டால் முனைகளில் வியர்வை உப்பு படிந்திருக்கலாம். ஐசோபுரப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்து, காய்ந்தபின் மீண்டும் பாருங்கள்.

எல்லாம் தேறினாலும் பத்தாண்டு கடந்த ரப்பரையும் பசையையும் நம்பி நீச்சலுக்குக் கட்டிப் போகாதீர்கள். சில மாதம் பயன்படுத்தாமல் வைப்பதானால் பாதி சார்ஜில் அணைத்து வையுங்கள். முழுதாக வற்றிக் கிடந்த லித்தியம் பேட்டரி பல சமயம் திரும்ப ஏறுவதில்லை.