முகம் பொருந்தவில்லை என்றால் ஆளைத் திருப்பி அனுப்பாதீர்கள்

நீலகிரியில் கூடலூர், பந்தலூர் பக்கம் அங்கன்வாடியில், ஊட்டச்சத்துத் திட்டப் பயனாளிகளைப் பதியும் அரசுச் செயலியான போஷன் டிராக்கர் முகப் பதிவு கேட்கிறது. ஒரு தாய்க்கு மட்டும் திரும்பத் திரும்பப் பொருந்தாமல் போனால், "உங்க முகம் வரல" என்று அவரிடம் சொல்வதுதான் முதல் தவறு. குறை கருவியிடம் இருக்கலாம். "காமிரா சரியா எடுக்கல, இடம் மாத்திப் பார்க்கலாம்க்கா" என்று சொல்லுங்கள். வரிசையில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது அது சின்ன விஷயமே இல்லை.

2018இல் ஜாய் பூலம்வினி, டிம்னிட் கெப்ரூ என்ற இரு ஆய்வாளர்கள், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று நிறுவன மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெளிர்நிற ஆண்களிடம் பிழை 0.8 சதவீதத்தைத் தாண்டவில்லை. கருநிறப் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை போனது. நம் செயலி வேறு, அதன் வேலையும் வேறு. ஆனாலும் வெளிர்நிற முகங்களையே அதிகம் பார்த்துப் பழகிய மென்பொருள் எங்கே தடுமாறும் என்பதை இது காட்டுகிறது.

அடுத்த தவறு, வாசலுக்கு முதுகு காட்டி உட்கார வைப்பது. வெளியே பனிமூட்டம் வெள்ளையாக நிற்கும். காமிரா அந்த வெள்ளைக்கு ஏற்ப வெளிச்சத்தைக் குறைத்துவிடும், கருத்த முகத்தில் கண்ணும் மூக்கும் இருளில் மறைந்துவிடும். வெள்ளைச் சுவரும் இதையேதான் செய்யும். முகம் ஜன்னலைப் பார்க்கட்டும், பின்னால் சாம்பல் நிறக் கம்பளி ஒன்றைத் தொங்கவிடுங்கள். திரையில் முகத்தின் மேல் விரலால் தொட்டால் பல போன்களில் வெளிச்சம் முகத்துக்கு ஏற்ப மாறும். ஃபிளாஷ் வேண்டாம், நெற்றியும் கன்னமும் பளபளத்துவிடும். எடுப்பதற்கு முன் லென்ஸைத் துடையுங்கள், மலையில் அதில் நீராவி படியும்.

செயலி முகத்தை ஆதார் படத்தோடுதான் ஒப்பிடுகிறது. அப்படியும் வராவிட்டால் ஆதாரில் இருக்கும் பழைய படமே இருட்டாக இருக்கக்கூடும். ஆதார் மையத்தில் படத்தைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள். அதுவரை யாருக்கு, எந்த ஊரில், எத்தனை முறை பொருந்தவில்லை என்று எழுதி மேற்பார்வையாளரிடம் கொடுங்கள். ஒரே கிராமத்துப் பெயர்களே திரும்பத் திரும்ப வந்தால் அதைத் தற்செயல் என்று விடாதீர்கள்.

இதைவிட ஆபத்தானது, விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்ஸிமீட்டரை அப்படியே நம்புவது. அது 660, 940 நானோமீட்டர் ஒளியை விரல் வழியே செலுத்தி அளக்கிறது. தோலின் நிறமியும் அந்த ஒளியை உறிஞ்சும். அந்தக் கணக்கைச் சரியாகப் போடாத கருவி ஆக்சிஜனைக் கூட்டிக் காட்டும். 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வில், கருவி 92 முதல் 96 சதவீதம் வரை காட்டியபோதே ரத்தத்தில் உண்மையில் 88 சதவீதத்துக்குக் கீழே இருந்தது, கறுப்பின நோயாளிகளிடம் எடுத்த அளவீடுகளில் 11.7 சதவீதம், வெள்ளையரிடம் எடுத்த அளவீடுகளில் 3.6 சதவீதம்.

ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால், குறைந்த அளவு வந்தாலும் "மலை அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். விரலைச் சூடாக்கி, மருதாணியோ நகப்பூச்சோ இல்லாத விரலில் மாட்டி, ஒரு நிமிடம் பொறுத்துப் படியுங்கள். கூடவே மூச்சையும் எண்ணுங்கள். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 24ஐத் தாண்டினாலோ, பேச மூச்சு போதாவிட்டாலோ, கருவி 96 காட்டினாலும் 108ஐ அழையுங்கள். அரிவாள் செல் சோகை (ரத்தச் சிவப்பணு அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை நோய்) உள்ள பணியர், குறும்பர் பழங்குடிக் குடும்பங்களில் இன்னும் கவனம் தேவை. அந்த நோயில் இந்தக் கருவியின் அளவு மேலும் தவறக்கூடும். ஆஸ்பத்திரியில் தமனி ரத்தத்தை எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.