நாலு கண்டத்து மெக்லவுடுகளைக் கூட்டி வைப்பது எப்படி

நான் இந்தக் குலத்துக்கு மருமகளாக வந்தவள். கணவர் வீட்டார் மெக்லவுட் என்னும் ஸ்காட்லாந்துக் கிளான். ஸ்கை தீவின் டன்வேகன் கோட்டைதான் இவர்களுக்குத் தலைமைவீடு. கிளான் என்றால் நம்மூர்ப் பங்காளிக் கூட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைவர் உண்டு, டார்ட்டன் என்னும் கட்டம் போட்ட துணி உண்டு, பழைய சண்டைகளும் உண்டு. ஆனால் ஆட்கள் கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று சிதறிக் கிடக்கிறார்கள். எங்கள் கிளையில் உறுப்பினர் பட்டியலைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காமல் அது என் கைக்கு வந்தது. இன்னும் என்னிடமே இருக்கிறது. அதனால் இதை எழுத எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

எல்லாம் தொடங்குவது ஒரு மின்னஞ்சலில். "என் பாட்டி மெக்கிரிமன், நான் உங்கள் ஆளா?" என்று யாரோ கேட்பார். பதில் சுடச்சுடப் போக வேண்டும், அதுவும் ஒரு மனிதர் எழுதியதாகப் போக வேண்டும். அச்சடித்த வரவேற்பு வரிகளும் சந்தா விவரமும் மட்டும் போனால் அவர் திரும்பி வரமாட்டார். மெக்கிரிமன்கள் பொரரெய்க் என்ற இடத்தில் இருந்துகொண்டு தலைமுறை தலைமுறையாக டன்வேகன் தலைவர்களுக்குப் பைப் (தோல்பையோடு ஊதும் வாத்தியம்) வாசித்த குடும்பம். இதை இரண்டு வரியில் எழுதினாலே அவர் மனசு குளிர்ந்துவிடும். மெக்கஸ்கில், பெத்தூன் போன்ற பெயர்க்காரர்களும் இந்தக் குலத்தோடு சேர்ந்தவர்கள்தான். இந்த இணைப்புப் பெயர்களின் பட்டியல் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

அதே பதிலில் அவரிடம் ஒரு கேள்வியும் கேளுங்கள்: தெரிந்தவரையில் மிகப் பழைய முன்னோர் யார், எந்த ஊர், எந்த வருடம்? ஊர்தான் முக்கியம். இங்கே மூத்த மகனுக்கு அப்பாவழித் தாத்தா பெயரை வைப்பது பழைய வழக்கம், நமக்கும் இது புதிதில்லை. விளைவு, எந்தத் தலைமுறையைத் தொட்டாலும் நார்மன், ரோடரிக், ஜான். ஊர் தெரியாமல் எந்த நார்மன் என்று சொல்ல முடியாது. ஹாரிஸ், லூயிஸ், ராசே, அசிண்ட் என்று ஓர் இடம் கிடைத்துவிட்டால் போதும், அதே ஊர்க்காரர் ஒருவரை அறிமுகப்படுத்தி வைக்கலாம். பதிவேடு தேட ஸ்காட்லாந்து அரசின் 'ஸ்காட்லண்ட்ஸ் பீப்பிள்' தளத்துக்கு அனுப்புங்கள். கட்டாயப் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகள் 1855 ஜனவரி 1 முதல் உண்டு. அதற்கு முன்னால் போனால் திருச்சபைப் பதிவேடுகள்தான். மேற்குத் தீவுகளில் அவை ஒழுங்காக இருக்கும் என்று யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

ஃபேஸ்புக் குழுவில் செய்தி போட்டுக்கொண்டே இருப்பதால் யாரும் ஒட்ட மாட்டார்கள். பதில் சொல்லக்கூடிய சின்ன விஷயமாகப் போடுங்கள். பாசி படிந்த கல்லறைக் கல் ஒன்றின் படத்தைப் போட்டு "மூன்றாவது வரி என்ன?" என்று கேட்டால், மெல்போர்னிலிருந்தும் ஹாலிஃபாக்ஸிலிருந்தும் ஆட்கள் பூதக்கண்ணாடியோடு வந்து உட்காருவார்கள். விதிகள் இரண்டு போதும். உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதி, தாயின் கன்னிப்பெயர் எதையும் பொதுவில் போடக் கூடாது. மரபணு முடிவுகளை அவரவர் சொன்னாலொழிய நாம் பேசக் கூடாது. ஒய் குரோமோசோம் சோதனை அப்பா-மகன் வழியை மட்டும்தான் காட்டும். முடிவு தலைவர் குடும்பத்தோடு பொருந்தவில்லை என்று ஒருவர் இடிந்து போனால், தனியாக எழுதி விளக்குங்கள். நிலத்தில் குடியிருந்தவர்கள் தலைவரின் பெயரை ஏற்றுக்கொண்டது அந்தக் காலத்தில் சாதாரணம். அவர்களும் முழு மெக்லவுடுகளே.

தலைவரின் முழுக் கேடயச் சின்னத்தை எடுத்துக் குழுவின் முகப்பிலோ டி-ஷர்ட்டிலோ போடும் ஆசை எல்லோருக்கும் வரும். வேண்டாம். அது தலைவரின் சொந்தச் சொத்து; எடின்பரோவிலுள்ள லார்ட் லயன் நீதிமன்றம் இதைச் சட்டப்படியே கவனிக்கிறது. கேடயத்துக்கு மேலே வரும் காளைத் தலைச் சின்னத்தை மட்டும் வார்ப்பட்டை வளையத்துக்குள் வைத்த பேட்ஜ்தான் உறுப்பினர்களுக்கு உரியது.

சண்டை வரும் இடம் ஒன்றுதான்: முன்னோர்களை ஊரைவிட்டு விரட்டிய கதை. "உங்கள் தலைவர்தானே எங்களைத் துரத்தினார்" என்று ஒருவர் எழுதுவார், இன்னொருவர் கோட்டைக்காகக் கொடி பிடிப்பார். பதிவை நீக்காதீர்கள், பூசி மெழுகவும் செய்யாதீர்கள். 1739இல் ஸ்கை, ஹாரிஸ் மக்களைப் பிடித்து அமெரிக்காவில் விற்கக் கப்பலேற்றிய விவகாரத்தில் அன்றைய மெக்லவுட் தலைவர் பெயரும் அடிபட்டது. 1840களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் 25ஆம் தலைவர் நார்மன் குடிகளுக்குச் சோறு போட்டே நொடித்துப்போய், லண்டனில் குமாஸ்தா வேலைக்குப் போனதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். அதற்குப் பிறகும் கத்துகிறவரிடம் குடும்பக் கடிதமோ குத்தகைப் பட்டியலோ இருந்தால் ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லுங்கள். கோபக்காரர்களிடம்தான் பெரும்பாலும் நல்ல ஆவணங்கள் இருக்கின்றன!

ஸூம் கூட்டத்துக்கு ஸ்காட்லாந்து நேரம் இரவு எட்டு மணி வையுங்கள். டொராண்டோவில் அது பிற்பகல் மூன்று. ஆக்லாந்தில் மறுநாள் காலை, இங்கே குளிர்காலமானால் ஒன்பது, கோடையானால் ஏழு. இந்த ஊர்க்காரர்கள் யாரும் நடுராத்திரியில் எழ வேண்டியதில்லை. பைப் வாசிக்கப் போகிறவரிடம் 'ஒரிஜினல் சவுண்ட்' அமைப்பைப் போடச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் பைப்பின் தொடர் ஒலியை மின்விசிறி இரைச்சல் என்று நினைத்து ஸூம் வெட்டித் தள்ளிவிடும். நமக்குக் கேட்பது விட்டு விட்டு ஒரு முனகல்.

அப்புறம், நேரில். ஹைலேண்ட் விளையாட்டு விழாக்களில் ஒவ்வொரு குலமும் கூடாரம் போடும். வட கரோலினாவின் கிராண்ட்ஃபாதர் மவுண்டன் விழா 1956இலிருந்து நடப்பது. மேசைமேல் லூயிஸ் மெக்லவுடுகளின் மஞ்சள் டார்ட்டனை விரியுங்கள், மைதானத்தின் மறுகோடியிலிருந்தே தெரியும். ஸ்கை, ஹாரிஸ், லூயிஸ் வரைபடம் ஒன்று, குண்டூசி டப்பா ஒன்று. வருகிறவர் தன் முன்னோர் ஊரில் ஊசி குத்தட்டும். அடுத்து வருகிறவர் அதைப் பார்த்துத்தான் பேச ஆரம்பிப்பார். வருகைப் பதிவேட்டுக்குப் பேனா வேண்டாம், பென்சில் வையுங்கள். மழை இல்லாத விழாவே கிடையாது; மை கரைந்தால் மின்னஞ்சல் முகவரி போச்சு.

பெரிய கூட்டம் டன்வேகனில் நடக்கும் கிளான் பார்லிமென்ட். அதுவும் 1956இல் தொடங்கியதுதான். பொதுவாக நாலு வருடத்துக்கு ஒருமுறை. கிராமம் சின்னது, படுக்கை குறைவு. தேதி தெரிந்த அன்றே அறை பிடிக்கச் சொல்லி எல்லோருக்கும் எழுதுங்கள், மிட்ஜ் என்னும் பொடிப்பூச்சிக்கு மருந்தும் கொண்டுவரச் சொல்லுங்கள். பெயர் பேட்ஜ் அடிக்கும்போது குடும்பப் பெயரைப் பெரிதாகப் போடாதீர்கள். அங்கே யாரைக் கூப்பிட்டாலும் மெக்லவுட்தான். சொந்தப் பெயர் பெரிதாக, அதன்கீழே இப்போதைய ஊர், அதற்கும்கீழே முன்னோர் ஊர். காபி வரிசையில் மூன்றாவது வரியைப் படித்துவிட்டு "நீங்களும் பிராகடேலா?" என்று ஒருவர் கேட்டுவிட்டால் அன்றைக்கு நம் வேலை முடிந்தது.

கெய்லி (ceilidh) என்னும் ஸ்காட்லாந்துக் கூட்டு நடனத்தில் ஆடத் தெரியாதவர்களைத் தெரிந்தவர்களுக்கு நடுவே நிறுத்துங்கள். 'ஸ்ட்ரிப் த வில்லோ' ஆட்டத்தில் கை மாறி மாறிச் சுழற்றிவிடுவதால் வரிசையில் பாதிப்பேரையாவது தொட்டுவிட்டுத்தான் வெளியே வர முடியும். அரைநாள் சொற்பொழிவில் நடக்காத அறிமுகம் அதில் நடந்துவிடும். இளசுகளை நாற்காலி அடுக்க மட்டும் கூப்பிடாதீர்கள். வயதானவர்களைப் பேட்டி எடுத்துப் போனில் பதிவு செய்யும் வேலையை அவர்களிடம் விடுங்கள். முழுப் பொறுப்பையும் கொடுங்கள், கூடவே நின்று தொணதொணக்காதீர்கள்.

ஊர் திரும்பிய ஒரு வாரத்துக்குள் படங்களைக் குழுவில் ஏற்றி, "இதில் யார் யார்?" என்று கேளுங்கள். விட்டால் அடுத்த பார்லிமென்டுக்குள் பெயர்கள் மறந்துபோகும். அட்மின் உரிமையும் கடவுச்சொல்லும் குறைந்தது இரண்டு பேரிடம் இருக்கட்டும். அதில் ஒருவர் நாற்பது வயதுக்குள் இருப்பது நல்லது.