புது பைக் பேரம்: குறைத்த பணம் திரும்பப் போகும் வழிகள்

நண்பர் ஒருவருக்குத் துணையாக ஷோரூம் போயிருந்தேன். வண்டி விலைக்காக ஒரு மணி நேரம் மல்லுக்கு நின்று, ஒருவழியாகக் குறைத்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. பிறகு அச்சடித்த கொட்டேஷன் வந்தது. வண்டி விலை சொன்னபடியே குறைந்திருந்தது. அதற்குக் கீழே ‘ஆக்ஸசரீஸ் பேக்’ என்று ஒரு வரி: சீட் கவர், டேங்க் பேட், கிரிப். அதற்கும் கீழே ‘டெலிவரி தயாரிப்பு’ என்று இன்னொரு வரி. இரண்டையும் கூட்டினால், குறைத்த பணம் முழுதாகத் திரும்பப் போயிருந்தது. யாரும் எதையும் மறைக்கவில்லை. எல்லாம் தாளிலேயே இருந்தது. அவர் முதல் வரியை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட இருந்தார்.

வண்டி விலையோடு மட்டும் சண்டை போடுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. புது பைக்கில் விற்பவருக்குக் கிடைக்கும் லாப விகிதம் பொதுவாகக் குறைவு. ஹெல்மெட், ஜாக்கெட், கிராஷ் கார்டு, பெட்டிகள், பொருத்துகூலி, நீட்டித்த வாரண்டி, இவற்றில் அந்த விகிதம் அதிகம். விட்டுக்கொடுக்க அவருக்கு இடம் இருப்பதும் அங்கேதான். எனவே தனித்தனியாகப் பேசாதீர்கள். “வண்டி, எனக்கு வேண்டிய இந்த நான்கு பொருள், பொருத்துகூலி, வரி, பதிவு எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு?” என்று ஒரே எண்ணைக் கேளுங்கள். அதே கேள்வியை இன்னும் இரண்டு கடைகளில் கேட்டால், எதோடு எதை ஒப்பிட வேண்டும் என்பது தெளிவாகிவிடும்.

நான்கு பொருள் எவை என்பதை வீட்டிலிருந்து கிளம்பும்போதே எழுதிக்கொள்ள வேண்டும். கடையில் பளபளப்பாக நிற்கும் வண்டிக்கு எதிரில் நின்று முடிவெடுத்தால் எல்லாமே தேவை என்றுதான் தோன்றும். ‘இலவசம்’ என்று தரும் பொருளுக்கும் இதே கணக்குதான். தலைக்குச் சரியாக உட்காராத இலவச ஹெல்மெட்டால் பயனில்லை. அதற்குப் பதிலாக உங்கள் அளவில் நல்ல ஹெல்மெட்டைத் தேர்ந்தெடுத்து, வித்தியாசத்தை மட்டும் தருகிறேன் என்று கேளுங்கள். தாடைப் பட்டையில் தைத்திருக்கும் தர முத்திரையைப் பாருங்கள். ஐ.நா.வின் 22.06 தரம், முந்தைய 22.05-ஐவிடக் கடுமையானது, தலை சாய்வாக மோதித் திருகும் நிலையையும் அதில் சோதிக்கிறார்கள். ஜாக்கெட்டில் ஈ.என். 17092 என்ற ஐரோப்பியத் தரம் இருந்தால் அதன் வகுப்பையும் பாருங்கள். ஏ-யைவிட ஏஏ, அதைவிட ஏஏஏ அதிக உராய்வைத் தாங்கும். தள்ளுபடிக்காக இதில் ஒரு படி இறங்குவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இன்னொன்று, கூடுதல் விளக்கு, ஹாரன், சார்ஜர் போன்றவற்றுக்காக வயரை வெட்டி ஒட்டினால் வாரண்டி கேட்கும்போது தகராறு வரலாம். தயாரிப்பாளரே வைத்திருக்கும் கப்ளரில் (வயர் இணைப்பில்) நேரடியாகச் செருகும் பொருளா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

அடுத்தது, “மாதம் எவ்வளவு கட்ட முடியும்?” என்ற கேள்விக்குப் பதில் சொல்லிவிடுவது. சொன்ன அந்த நொடியே மொத்த விலையைப் பற்றிய பேச்சு முடிந்துவிடும். தவணைக் காலத்தை நீட்டி எந்த விலையையும் அந்தத் தொகைக்குள் அடக்கிவிடலாம். ஒரு லட்சம் கடன், குறையும் அசலின்மேல் (அடைத்தது போக மீதமுள்ள அசலுக்கு மட்டும்) ஆண்டுக்கு 10 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். 36 மாதத்தில் தவணை சுமார் 3,227. மொத்த வட்டி சுமார் 16,160. அதையே 60 மாதமாக்கினால் தவணை 2,125-க்கு இறங்கும், வட்டியோ 27,480-க்கு ஏறும்.

அதைவிட நுட்பமான பொறி ‘ஃபிளாட்’ வட்டி. 10 சதவீதம் ஃபிளாட் என்றால், அசலை எவ்வளவு அடைத்திருந்தாலும் முழு ஒரு லட்சத்துக்கும் மூன்று ஆண்டும் வட்டி. மொத்தம் 30,000. குறையும் அசல் கணக்கில் இது ஏறக்குறைய 18 சதவீதம். எண் ஒன்றுதான், கடன் வேறு. விலை முடிந்த பிறகே கடனைப் பற்றி வாய் திறவுங்கள். வெளியில் வேறொரு வங்கியின் கணக்கையும் கையில் வைத்திருங்கள். பழைய வண்டியைக் கொடுத்து மாற்றுவதும் இப்படித்தான். புதியதன் விலை முடியும்வரை அதைப் பற்றிப் பேசாதீர்கள். இரண்டையும் கலந்தால் இங்கே குறைத்ததை அங்கே எடுத்துக்கொள்வார்கள்.

பெரிய தள்ளுபடி என்றால் அந்த வண்டி எவ்வளவு நாளாக நிற்கிறது என்று பார்க்கத் தவறாதீர்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. நெடுநாள் சார்ஜ் ஏறாமல் கிடந்த பேட்டரி வலுவிழந்திருக்கும். பழைய ஸ்டாக் வாங்குவதில் தவறில்லை, எனக்கு அதில் விருப்பம்கூட உண்டு. ஆனால் புது மாடல் வந்த பிறகு நீங்கள் அதை விற்கும்போது விலை குறையும், அதற்கு ஈடாகத் தள்ளுபடி இருக்க வேண்டும். புது பேட்டரியும் கேட்கலாம்.

மாதக் கடைசியில், விற்பனை இலக்கு நெருக்கும் நாட்களில், பேச்சுக்கு இடம் கூடும். ஆனால் காத்திருப்புப் பட்டியல் உள்ள வண்டிக்கு இது பலிக்காது.

விற்பனையாளரை அதட்டிப் பேசுவதும் தவறுதான். அவரும் சம்பளத்துக்கு உழைப்பவர். நாளை சர்வீஸுக்கு அதே வாசலுக்குத்தான் போகப்போகிறோம்.

வாயால் சொன்னதை எல்லாம் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள்: பொருளின் பெயர், மாடல், பொருத்துகூலி சேர்ந்ததா, டெலிவரி நாள், வண்டி தாமதமானால் அட்வான்ஸ் திரும்ப வருமா. டெலிவரி அன்று அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வாருங்கள். ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, புதிதாகப் போட்ட கிராஷ் கார்டோ விளக்கின் வயரோ எங்காவது இடிக்கிறதா, இழுபடுகிறதா என்று பாருங்கள். மீதிப் பணத்தை அதற்குப் பிறகு கட்டலாம்.