கான்டெஸாவின் பானட்டில் வேலை செய்யும் ஸ்கூப் பொருத்துவது எப்படி?

பழைய கார்களின் பானட்டில் உட்கார்ந்திருக்கும் ஸ்கூப்களில், அதாவது காற்றை உள்ளே எடுக்க வைக்கும் கூடு போன்ற வாய்களில், பல வெறும் அலங்காரம். பானட்டைத் தூக்கிப் பார்த்தால் அடியில் துளையே இருக்காது. துளை இருந்தாலும், உள்ளே வரும் காற்று, எஞ்சினுக்குப் போகும் காற்றை வடிகட்டும் ஏர் கிளீனருக்குப் போய்ச் சேராமல் எஞ்சின் அறையின் சூட்டில் கலந்துவிடும். தகட்டை வெட்டுவது இதில் எளிய பகுதி. ஸ்கூப்பிலிருந்து ஏர் கிளீனர் வரை கசிவில்லாமல் வழி அமைப்பதில்தான் வேலையே இருக்கிறது.

1984இல் வந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கான்டெஸாவின் முதல் 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சினை வைத்து எழுதுகிறேன். அம்பாசடரிலும் இருந்த அதே 1489 சிசி எஞ்சின்தான். இதில் காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டரும், சூடான புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. கொதிக்கும் இரும்புக்குப் பக்கத்திலேயே எஞ்சின் மூச்சு வாங்குகிறது. வெளியே 25 டிகிரி, ஏர் கிளீனர் வாயில் 60 டிகிரி என்றால் காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், இங்கே காற்றழுத்தம் ஏற்கெனவே ஏறக்குறைய அந்த அளவுக்குக் குறைவு.

வேகமாகப் போனால் ஸ்கூப் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் என்று பலர் நம்புகிறார்கள். மணிக்கு 100 கிலோமீட்டரில்கூட அந்த அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் அரை சதவீதத்தைத் தொடாது. சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் நிற்கும் காருக்கு அதுவும் கிடையாது. நமக்குக் கிடைக்கப்போவது குளிர்ந்த காற்று மட்டுமே.

முதலில் அளவெடுங்கள்

நீண்ட ஒயரும் முனையில் உணரியும் உள்ள டிஜிட்டல் வெப்பமானி ஒன்றை வாங்குங்கள். ஒயர் சூடான பாகங்களிலோ ஃபேனிலோ படாதபடி உணரியை ஏர் கிளீனர் வாயில் கட்டி, மாலை நெரிசலில் ஓட்டிப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவர் எண்களைக் குறித்துக்கொள்ளட்டும். வெளிக்காற்றுக்கும் அதற்கும் பத்து டிகிரிகூட வித்தியாசம் இல்லையென்றால் பானட்டைத் தொடாதீர்கள்.

வித்தியாசம் பெரிதாக இருந்தால் இன்னொரு பானட் தேடுங்கள். காரோடு வந்த பானட்டை வெட்டக் கூடாது என்பது என் பிடிவாதம். சிவாஜி நகரின் பழைய உதிரிப் பாகக் கடைகளில் சொல்லிவைத்துக் காத்திருக்கலாம். ரப்பர் பீடிங், போல்ட், வாஷர் எல்லாம் ஜே.சி. ரோட்டில் கிடைக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வாகனத்தில் செய்யும் மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. எனவே ஆர்டிஓ அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. ஐம்பது வயது கடந்ததும் காருக்கு விண்டேஜ் பதிவு வாங்கும் எண்ணம் இருந்தால் ஸ்கூப் ஆசையையே விட்டுவிடுங்கள். 2021 விதிகள் கார் அசல் வடிவில் இருக்க வேண்டும் என்கின்றன.

முன்னோக்கியா, பின்னோக்கியா?

ஸ்கூப்பின் வாய் முன்னோக்கியும் இருக்கலாம், விண்ட்ஷீல்டை நோக்கியும் இருக்கலாம். ஓடும் காரில் விண்ட்ஷீல்டின் அடிப்பகுதியில் காற்று தேங்கி அழுத்தம் கூடும். 1970 ஷெவர்லே ஷெவெலில் பானட்டின் பின்விளிம்பில் மூடி வைத்து அந்தக் காற்றைத்தான் எடுத்தார்கள். நம் ஊர் தூசிக்கும் திடீர் மழைக்கும் பின்னோக்கிய வாயே என் தேர்வு. பார்ப்பதற்கு அவ்வளவு மிடுக்காக இருக்காது, உண்மைதான்.

குறிப்பதும் வெட்டுவதும்

ஏர் கிளீனர் மூடியின் மேல் நான்கைந்து களிமண் உருண்டைகளை வைத்து, பானட்டை மெதுவாக மூடித் திறங்கள். நசுங்கிய உருண்டையின் உயரமே உங்களுக்கு இருக்கும் இடைவெளி. பிறகு பானட்டின் அடியில் உள்ள விலா எலும்பு போன்ற தாங்கு பட்டைகளைப் பாருங்கள். அவற்றை வெட்டினால் பானட் ஓட்டத்தில் படபடக்கும். துளை அவற்றுக்கு நடுவில்தான் வர வேண்டும்.

அட்டையில் அச்சு வெட்டி, மாஸ்கிங் டேப் ஒட்டிய பரப்பில் வரையுங்கள். மையக்கோட்டை இரண்டு மட்கார்டுகளிலிருந்தும் அளந்து சரிபாருங்கள். ஸ்கூப்பின் விளிம்பைவிடச் சுற்றிலும் 25 மில்லிமீட்டர் உள்ளே வெட்டுக்கோடு இருக்கட்டும்.

கீல்களின் இடத்தைக் குறித்துவிட்டு, இருவராகப் பானட்டைக் கழற்றிப் பழைய போர்வையில் வையுங்கள். காரிலேயே வைத்து கிரைண்டர் ஓட்டினால் தீப்பொறி கண்ணாடியில் புள்ளி புள்ளியாகப் பதிந்துவிடும். எந்தப் பாலிஷுக்கும் அது போகாது. நான்கு மூலைகளிலும் வட்டத் துளை போட்டு, உலோகம் வெட்டும் நுண்பல் பிளேடு மாட்டிய ஜிக்சாவால் அவற்றை இணையுங்கள். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். மூலை கூராக இருந்தால் அதிர்வில் அங்கிருந்துதான் தகடு கீறும். விளிம்பை அரத்தால் மழுக்கி, அன்றைக்கே எபாக்சி பிரைமர் அடித்துவிடுங்கள். ஜூன் முதல் அக்டோபர் வரையிலான ஈரத்தில் வெறும் தகட்டை இரவு முழுக்க விட்டுவைக்காதீர்கள்.

ஃபைபர் கிளாஸ் ஸ்கூப்பைப் பட்டி பூசி பானட்டோடு ஒன்றாக்கித் தருகிறேன் என்று டிங்கர் சொல்வார். சம்மதிக்காதீர்கள். இரும்பும் ஃபைபரும் வெயிலில் ஒரே அளவில் விரிவதில்லை. இணைப்பில் பெயின்ட் வெடிக்கும். மெல்லிய ரப்பர் ஷீட்டை இடையில் வைத்து, அடியிலிருந்து ஆறு மில்லிமீட்டர் போல்ட்டும் அகல வாஷரும் போட்டு முடுக்கினால் போதும். மிஞ்சி முடுக்கினால் ஃபைபர் விரிசல் விடும்.

கசிவில்லாத வழி

ஏர் கிளீனரின் அடியில் அலுமினியத் தகட்டில் ஒரு தட்டு செய்து, அதன் விளிம்பு முழுக்க மென்மையான ஸ்பாஞ்ச் ரப்பரை ஒட்டுங்கள். பானட்டை மூடும்போது இந்த ரப்பர் ஸ்கூப் துளையைச் சுற்றி அழுந்தி, எஞ்சின் சூட்டை வெளியே நிறுத்த வேண்டும். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது எஞ்சின் தன் மவுன்டிங்கில் குலுங்கும். கடினமான பீடிங் போட்டால் பானட்டை இடிக்கும்.

அல்சூரில் எனக்குத் தெரிந்த டிங்கர் ஒருவர் இதைச் சோதிக்கும் விதம் அழகானது. ரப்பர் விளிம்பில் சாக்பீஸ் தூளைத் தடவி, பானட்டை மூடித் திறப்பார். அடியில் முழு வெள்ளை வளையம் பதிந்திருந்தால் சரி. வளையம் அறுந்த இடத்தில் விரலை வைத்து, அங்கே மட்டும் இன்னொரு துண்டு ரப்பர் ஒட்டுவார்.

தட்டின் தாழ்வான மூலையில் வடிகால் துளை போட்டு, மழைநீர் இறங்க ஒரு ரப்பர் குழாயைக் கீழே விடுங்கள். பானட் துளையின் மேல் கம்பிவலையும் வேண்டும். மே மாதத்தில் குல்மொஹர் மரத்தடியில் நிறுத்துபவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

கடைசியாக கார்புரேட்டர்

அடர்ந்த காற்று வந்தால் கலவையில் பெட்ரோலின் பங்கு குறையும். நன்றாக ஓட்டிய பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இளம்பழுப்பு நிறம் என்றால் விட்டுவிடலாம்; வெளுத்திருந்தால் பெட்ரோல் வரும் சிறு துளையான மெயின் ஜெட்டை ஓர் அளவு பெரிதாக்க வேண்டும்; கரி படிந்திருந்தால் சிறிதாக்க வேண்டும். பிறகு அதே வெப்பமானியோடு, அதே மாலை நெரிசலில், அதே சாலையில் இன்னொரு முறை போய்வாருங்கள். எண் இறங்கவில்லையென்றால் ஜெட்டில் மேற்கொண்டு கை வைக்காதீர்கள். சாக்பீஸ் தூளை மறுபடி எடுங்கள்.