தீவிலிருந்து மதுரைக்கு வந்தவர் தம் ஊரையும் குடும்பத்தையும் எடுத்துச் சொல்லும் முறை

மதுரையில் ஒருவர் உங்கள் பெயரைக் கேட்டு முடித்த கையோடு ஊரைக் கேட்பார். விடுதியில் பக்கத்துக் கட்டிலில் இருப்பவர், வாடகைக்கு வீடு காட்டுபவர், புதிதாகச் சம்பந்தம் செய்துகொண்ட வீட்டுப் பெரியவர் என எவரும் இதற்கு விலக்கில்லை. பாம்பன் தீவிலிருந்து வந்தவர் 'ராமேஸ்வரம்' என்று மட்டும் சொன்னால் பேச்சு நேரே கோயிலுக்குப் போய்விடும். தை அமாவாசைக்கு வந்ததையும், அக்னி தீர்த்தத்தில் முழுகிய பின் 22 தீர்த்தங்களிலும் நீராடியதையும், சாயங்கால ரயிலிலேயே திரும்பிவிட்டதையும் அவர் சொல்வார், நீங்கள் தலையாட்டிக்கொண்டிருப்பீர்கள். எனவே முதல் பதிலிலேயே சொந்தக் கிராமத்தைச் சொல்லிப் பழகுங்கள். "தங்கச்சிமடம்ண்ணே, பாம்பன் பாலம் தாண்டுனா ராமேஸ்வரத்துக்கு முன்னாடியே வந்துரும்" என்றால் போதும். கேட்பவருக்குத் தெரிந்த இரண்டு இடங்களுக்கு நடுவே உங்கள் ஊர் உட்கார்ந்துவிடும். அடுத்த கேள்வியும் ஊரைப் பற்றியதாகவே இருக்கும்.

தீவின் அமைப்பைக் கேட்பவருக்கு ஒரு காகிதத்தில் வரைந்து காட்டுங்கள். மேற்கே மண்டபம், பாலம் இறங்கும் இடத்தில் பாம்பன், அதற்குக் கிழக்கே அக்காள்மடம், தங்கச்சிமடம், பிறகு ராமேஸ்வரம், அங்கிருந்து தென்கிழக்காக மெலிந்து நீளும் மணல்வெளியில் தனுஷ்கோடி, அதன் நுனியில் அரிச்சல்முனை. ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். வடக்கே இருப்பது பாக் விரிகுடா, தெற்கே இருப்பது மன்னார் வளைகுடா. வடக்கிலுள்ளதைப் பெண்கடல் என்றும் தெற்கிலுள்ளதை ஆண்கடல் என்றும் தீவில் சொல்வார்கள். இந்த இடத்தில் சற்று நின்று விளக்குங்கள், ஏனெனில் உள்நாட்டில் வளர்ந்தவருக்குக் கடல் என்றால் ஒன்றுதான். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் தெற்கே அலை எழும்பும், வடக்கே ஓரளவு அமைதியாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று திரும்பினால் நிலைமை தலைகீழாகும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதைப் பார்த்துத்தான் நாட்டுப்படகுக்காரர் எந்தக் கரையில் தொழில் செய்வது என்று முடிவு செய்கிறார் என்பதைச் சொன்னால், தீவில் வாழ்வது எப்படிப்பட்டது என்பது கேட்பவருக்குப் பிடிபடத் தொடங்கும்.

அடுத்து, மதுரைக்காரருக்கு முன்பே பழக்கமான ஒன்றைப் பிடித்துக்கொள்வது நல்ல வழி. கரிமேடு மார்க்கெட்டுக்கு வரும் மீனில் ஒரு பங்கு ராமேஸ்வரம், பாம்பன் கரைகளிலிருந்து வருவது என்பது பலருக்குத் தெரியும். மல்லிகைச் செய்தி அவ்வளவாகத் தெரியாது. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்கு நாற்று தருவது பெரும்பாலும் தங்கச்சிமடத்து நாற்றங்கால்களே. அங்குள்ள மணல் நிலத்தில் மல்லிகைக் குச்சிகளை நெருக்கமாக ஊன்றி, வேர் பிடித்த பின் பிடுங்கி, கட்டுக்கட்டாக மதுரை, திண்டுக்கல் பக்கத்து விவசாயிகளுக்கு அனுப்புகிறார்கள். மணல் இளக்கமாக இருப்பதால் வேர் அறுபடாமல் செடி கையோடு வந்துவிடும். மாட்டுத்தாவணி மலர்ச் சந்தையில் கிலோக் கணக்கில் கொட்டிக் கிடக்கும் பூவுக்கும் உங்கள் ஊர் மணலுக்கும் இருக்கும் இந்த உறவைச் சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு உங்களை யாரும் எங்கிருந்தோ வந்தவராகப் பார்க்க மாட்டார்கள். என் அனுபவத்தில் இதைப் போல வேலை செய்யும் செய்தி வேறொன்றில்லை.

குடும்பத்தைச் சொல்லும்போது தொழிலிலிருந்து தொடங்குங்கள். விசைப்படகா, நாட்டுப்படகா, கருவாடா, கோயில் சார்ந்த வேலையா, நாற்றங்காலா, கடற்பாசி எடுக்கும் அம்மாவா என்பதைச் சொல்லாமல் "மீன்பிடித் தொழில்" என்று பொதுவாக முடித்துவிட்டால், கேட்பவர் மனத்தில் எந்த உருவமும் எழாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வீட்டில் என்ன நடக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்: படகைக் கரையேற்றிப் பலகை மாற்றுவது, வலை பொத்துவது, நகை அடகுக்குப் போவது, பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணமும் அதே மாதங்களில் வந்து நிற்பது. மதுரையில் மாதச் சம்பளம் வாங்கும் வீட்டாருக்கு இது புதிய கணக்கு.

தலைமுறைகளைச் சொல்ல, எல்லாருக்கும் தெரிந்த ஆண்டுகளைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1914-இல் ரயில் பாலம் திறந்தது, 1964 டிசம்பரில் புயல் அடித்தது, 1988-இல் சாலைப் பாலம் வந்தது, 2025 ஏப்ரலில் புதிய ரயில் பாலம் திறந்தது. கொள்ளுத்தாத்தா தனுஷ்கோடித் துறையில் தலைமன்னார் கப்பலுக்கு மூட்டை சுமந்தவரா, பாட்டி 1988-க்கு முன் பிரசவத்துக்கு ரயிலைக் காத்திருந்து மண்டபம் போனவரா என்று உங்கள் வீட்டுக் கதையை அந்த ஆண்டுகளோடு முடிந்து சொன்னால், பெயர்கள் நினைவில் நிற்காவிட்டாலும் குடும்பம் நினைவில் நிற்கும்.

புயலைப் பற்றிப் பேசும்போது நிதானம் வேண்டும். 22-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டித் தனுஷ்கோடிக்குப் போய்க்கொண்டிருந்த பாம்பன் பயணி ரயில் கடலுக்குள் போனதும், அதில் இருந்தவர்கள் மாண்டதும், பின்னர் அந்த ஊர் வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்ததும் வரலாறு. சுற்றுலா வந்தவர்கள் இடிந்த தேவாலயத்தின் முன் படம் எடுத்துக்கொண்டு கேட்கும் பேய்க்கதைகளை நீங்களும் சொல்லிச் சுவை கூட்ட வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் அந்த இரவைக் கண்டவர் இருந்தால், ஊருக்குப் போகும்போது அவரிடம் கேட்டு வையுங்கள். அவர் சொன்ன ஒரு வாக்கியத்தை மட்டும் அப்படியே சொல்லுங்கள். இல்லையென்றால் செய்தியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

"கலாம் ஊரா?" என்பது தப்பாமல் வரும். ஆம் என்று மகிழ்ச்சியோடு சொல்லி, அவருடைய தந்தையும் படகு வைத்திருந்தவர்தான் என்று சேர்த்தால் பேச்சு உங்கள் வீட்டுப் படகுக்குத் திரும்பிவிடும். "எல்லை தாண்டி ஏன் போறீங்க?" என்று கேட்பவரிடம் கோபப்படாமல், 1974 ஒப்பந்தத்தால் கச்சத்தீவு இலங்கை வசமானதையும், இரு கரைக்கும் நடுவே நீர்ப்பரப்பு குறுகலானது என்பதையும், கடலடியை வாரி இழுக்கும் இழுவை மடி வலையால் தங்கள் கடல் அழிகிறது என்று அக்கரைத் தமிழ் மீனவர்கள் சொல்வதையும் சேர்த்தே விளக்குங்கள். ஒரு பக்கத்தை மட்டும் சொன்னால் கேட்பவர் செய்தித்தாளில் படித்ததற்கு மேல் எதுவும் தெரிந்துகொள்ள மாட்டார்.

எந்தத் தெரு, எந்தக் குலதெய்வம் என்று சுற்றி வளைத்து வரும் கேள்வி எதற்காக என்பது உங்களுக்கே தெரியும். அதற்குப் பதில் சொல்லும் கடமை யாருக்கும் கிடையாது. ஜூலையில் தங்கச்சிமடத்து வேர்க்காடு சந்தியாகப்பர் தேவாலயத் திருவிழாவுக்கு மூன்று மதத்தாரும் வருவதைச் சொல்லிப் பேச்சைத் திருப்பலாம், அல்லது "அதெல்லாம் எதுக்குண்ணே" என்று சிரித்தே முடித்துவிடலாம். வாடகை வீடு தேடும்போது இது எளிதல்ல என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

பழக்கம் முற்றியபின் ஊருக்கு அழையுங்கள். அமாவாசையையும் விடுமுறை நாள்களையும் தவிர்த்து, விசைப்படகுகள் தொழிலுக்குப் போகும் மாதத்தில், காலை படகு கரைக்கு வரும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு அழைப்பது நல்லது. மதுரையிலிருந்து ராமேஸ்வரம் பேருந்தில் ஏறுபவரிடம் கடைசி நிறுத்தம் வரை வர வேண்டாம், தங்கச்சிமடத்தில் இறங்கிக்கொள்ளுங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கோயிலுக்கு மதியத்துக்கு மேல் போய்க்கொள்ளலாம்.