அரசுப் பள்ளிக்கு வர வேண்டிய நிதியைக் கேட்டு வாங்குவது எப்படி? பெற்றோருக்கான தொடக்கக் கையேடு

எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் 58 பிள்ளைகள் படிக்கிறார்கள். என் மகள் அங்கே மூன்றாம் வகுப்பு. 2024-25இல் பள்ளி மானியம் வராமல் இழுத்துக்கொண்டே போனபோது, தலைமையாசிரியை தன் சம்பளத்தில் சாக்பீஸும் துடைப்பமும் வாங்கி வைத்தார். அதைப் பார்த்த பிறகுதான் நாங்கள் ஐந்தாறு பெற்றோர் சேர்ந்து, இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது, யாரிடம் போய்க் கேட்பது என்று விசாரிக்க ஆரம்பித்தோம். எங்களுக்கு அப்போது ஒன்றும் தெரியாது. அந்த நிலையில் இப்போது இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த ஆண்டு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பள்ளி மானியம் வருவது ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் (சமக்ர சிக்ஷா). அதில் ஒன்றிய அரசு 60 சதவீதமும் மாநில அரசு 40 சதவீதமும் போடுகின்றன. தேர்ந்தெடுத்த பள்ளிகளை மாதிரிப் பள்ளிகளாக மேம்படுத்தும் ஒன்றிய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்று, ஒன்றிய அரசு தன் பங்கான சுமார் 2,152 கோடி ரூபாயைத் தரவில்லை. 2025 மே மாதம் மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. இந்த வழக்கை நாம் ஊரில் இருந்துகொண்டு தீர்த்துவைக்க முடியாது. ஆனால் ஒரு பள்ளிக்கு வரும் பணம் ஒரே குழாயில் வருவதில்லை. ஒன்று அடைபட்டாலும் கேட்டுத் திறக்கக் கூடியவை வேறு இருக்கின்றன.

படி 1: எந்தப் பணம் குறைகிறது என்று பிரித்துப் பாருங்கள்

'பள்ளிக்கு நிதி இல்லை' என்று பொதுவாகச் சொன்னால் எந்த அலுவலகத்திலும் தலையாட்டி அனுப்பிவிடுவார்கள். மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

அன்றாடச் செலவுக்கு வருவது பள்ளி மானியம். பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்து இதைக் கணக்கிடுகிறார்கள். திட்ட விதிமுறைப்படி 30 பேர் வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000, 1,000 வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். எங்கள் பள்ளிக்கு 25,000. இதில் குறைந்தது 10 சதவீதம் தூய்மைப் பணிக்குப் போக வேண்டும். உங்கள் பள்ளிக்கு எவ்வளவு என்று இப்போதே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கட்டடம். கூரை ஒழுகல், கழிப்பறை, சுற்றுச்சுவர் எல்லாம் இதில் அடங்கும். இங்கேதான் நாங்கள் இரண்டு மாதத்தை வீணாக்கினோம். ஒழுகும் கூரைக்காகக் கல்வி அலுவலகத்துக்கே நடந்துகொண்டிருந்தோம். ஊராட்சி ஒன்றியப் பள்ளியின் கட்டடம் அந்த ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. அதற்கு வட்டார வளர்ச்சி அலுவலரைத்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாவது ஆசிரியர் பணியிடம். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை 60 பிள்ளைகளுக்கு இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று, 91 முதல் 120 வரை நான்கு.

படி 2: பள்ளி மேலாண்மைக் குழுவின் பெயரில் பேசுங்கள்

தனி ஆளாகக் கொடுக்கும் மனுவுக்கும் குழுவின் தீர்மானத்துக்கும் அலுவலகத்தில் இருக்கும் மதிப்பே வேறு. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும் என்கிறது. பாதிப் பேர் பெண்கள். பள்ளி நடப்பதைக் கவனிப்பது, வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது, வந்த மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது இவையெல்லாம் குழுவின் வேலை என்று அதே பிரிவு சொல்கிறது.

22ஆம் பிரிவு இதைவிட முக்கியம். குழு தயாரிக்கும் பள்ளி வளர்ச்சித் திட்டம்தான் அரசு தரும் திட்டங்களுக்கும் மானியங்களுக்கும் அடிப்படை என்கிறது அது. எங்கள் குழுவில் இருந்த யாரும் அதுவரை இதைப் படித்ததில்லை. 'கூட்டத்துக்கு வாங்க, ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க' என்பதாகவே அது நடந்துகொண்டிருந்தது.

நீங்கள் உறுப்பினர் இல்லையென்றால் உறுப்பினராக இருக்கும் பெற்றோர் ஒருவரைப் பிடியுங்கள். எங்களுக்கு ஒரு அக்கா இருந்தார், நூறு நாள் வேலைக்குப் போகிறவர். அரைநாள் கூலியை விட்டுவிட்டு ஒவ்வொரு கூட்டத்துக்கும் வந்தார். அப்படி இரண்டு பேர் கிடைத்தால் போதும்.

தலைமையாசிரியரை எதிரில் நிறுத்தாதீர்கள். அவர் அரசு ஊழியர், மேலதிகாரியிடம் ஓரளவுக்கு மேல் வாய்திறக்க முடியாது. கணக்கும் பதிவேடும் அவரிடம் இருக்கின்றன, கேட்கும் உரிமை நம்மிடம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும். 'டீச்சர், உங்களைக் குறை சொல்ல வரலை, உங்களுக்காகவும்தான் கேட்கிறோம்' என்று முதல் நாளே நான் சொல்லிவிட்டேன். அப்புறம் அவரே பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு எங்களோடு உட்கார்ந்தார்.

படி 3: அளந்து, எண்ணி, படம் எடுங்கள்

ஒரு பிற்பகல் போதும். எத்தனை கழிப்பறை, அதில் எத்தனைக்குத் தண்ணீர் வருகிறது, எத்தனைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது, எந்த வகுப்பில் எந்த மூலை ஒழுகுகிறது என்று எழுதுங்கள். ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை, குடிநீர், சாய்தளம், சுற்றுச்சுவர், விளையாட்டிடம், நூலகம் ஆகியவை கல்வி உரிமைச் சட்ட அட்டவணையிலேயே இருக்கின்றன. அதனால் இவற்றைச் சலுகையாகக் கேட்க வேண்டியதில்லை. படத்தில் தேதி தெரியட்டும், பிள்ளைகள் முகம் தெரிய வேண்டாம்.

படி 4: தீர்மானம் எழுதுங்கள்

ஒரு தீர்மானத்தில் ஒரு கோரிக்கை மட்டும் இருக்கட்டும். எட்டைச் சேர்த்து எழுதினால் அதில் எளிதான ஒன்றைச் செய்துவிட்டு 'நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று கோப்பை மூடிவிட வழியிருக்கிறது. நாங்கள் எழுதியதன் வடிவம் இது:

"இப்பள்ளியில் பயிலும் 58 மாணவர்களுள் 31 பேர் மாணவியர். மாணவியர் கழிப்பறை இரண்டில் ஒன்று கதவின்றியும் மற்றொன்று தண்ணீர் இணைப்பின்றியும் உள்ளன. குழந்தைகளுக்கான இலவச மற்றும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இன் அட்டவணைப்படி இவ்வசதி கட்டாயமாகும். எனவே இரண்டையும் பழுதுநீக்க மதிப்பீடு தயாரித்து நிதி ஒதுக்குமாறு வட்டார வளர்ச்சி அலுவலரை இக்குழு ஒருமனதாகக் கேட்டுக்கொள்கிறது. நாள், தீர்மான எண், வந்திருந்த உறுப்பினர்களின் கையொப்பம்."

தீர்மானப் புத்தகத்தில் ஏறிய பிறகு, குழுவுக்கான பெற்றோர் செயலியிலும் பதிவேற்றச் சொல்லுங்கள். பிறகு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: சரியான மேசையில் கொடுங்கள்

மானியமும் ஆசிரியர் பணியிடமும் என்றால் வட்டாரக் கல்வி அலுவலர், அவருக்கு மேல் மாவட்டக் கல்வி அலுவலர், அவருக்கும் மேல் முதன்மைக் கல்வி அலுவலர். கட்டடம் என்றால் வட்டார வளர்ச்சி அலுவலர். அங்கே ஓவர்சீயர் வந்து பார்த்து மதிப்பீடு போடும் நாளைக் கேட்டு வாங்குங்கள். மதிப்பீடு இல்லாத கோரிக்கைக்கு யாராலும் நிதி ஒதுக்க முடியாது. கொடுக்கும் ஒவ்வொரு கடிதத்துக்கும் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குவதை மட்டும் விடவே கூடாது. தட்டிக்கழித்தால், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு அந்த முத்திரையிட்ட நகலோடு போங்கள்.

கிராம சபையையும் விடாதீர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள். பள்ளிக் குழுவின் தீர்மானத்தை அங்கே வாசித்து, கிராம சபைத் தீர்மானமாகவும் ஏற்றச் சொல்லுங்கள்.

சட்டமன்ற உறுப்பினருக்குத் தொகுதி மேம்பாட்டு நிதியாக ஆண்டுக்கு 3 கோடி ரூபாய், நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி. வகுப்பறை, சுற்றுச்சுவர் போன்றவற்றை இதில் கேட்கலாம். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, தொடக்கத்திலேயே போய்விடுங்கள். மாநில வரவுசெலவுத் திட்டம் வழக்கமாக பிப்ரவரி அல்லது மார்ச்சில் வரும். 2025-26இல் பள்ளிக் கல்விக்கு 46,767 கோடி ஒதுக்கினார்கள். அதன் பிறகு சட்டமன்றத்தில், ஒவ்வொரு துறைக்குமான பணத்தைப் பற்றி மானியக் கோரிக்கை விவாதம் நடக்கும். அதில் நம் சட்டமன்ற உறுப்பினர் நம் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளைப் பற்றிப் பேச வேண்டுமானால், விவரம் அவர் கையில் முன்கூட்டியே இருக்க வேண்டும். ஒரு பக்கத்துக்குமேல் கொடுக்காதீர்கள்.

படி 6: பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம்

வெள்ளைத் தாளில் எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 'ஏன் தரவில்லை' என்று கேட்டால் பதில் வராது. பதிவேட்டில் இருப்பதைக் கேளுங்கள். இந்த ஒன்றியத்தின் ஒவ்வொரு பள்ளிக்கும் கடந்த மூன்று ஆண்டுகளில் விடுவித்த மானியத் தொகை, விடுவித்த தேதி, எங்கள் தீர்மானத்தின் மீது எழுதப்பட்ட கோப்புக் குறிப்புகளின் நகல். இந்த மூன்று போதும். 30 நாளில் பதில் தர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

படி 7: எண்ணிக்கையைக் காப்பாற்றுங்கள்

ஒரு பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று முடிவு செய்யும் பணியாளர் நிர்ணயத்துக்கு, பிள்ளைகளின் எண்ணிக்கையில் ஆகஸ்ட் 1 நிலவரத்தைத்தான் எடுக்கிறார்கள். பிள்ளைகள் குறைந்தால் மானியத்தின் படியும் இறங்கும், ஆசிரியர் இடமும் போகும். வசதி இல்லையென்று பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றுவதும், பிள்ளை இல்லையென்று வசதி குறைவதும் ஒன்றையொன்று இழுக்கும். அதனால் ஜூன் மாதத்தில் குழு உறுப்பினர்கள் வீடுவீடாகப் போக வேண்டும். ஆசிரியர் போய் அழைப்பதைவிட, தன் பிள்ளையை அங்கே படிக்கவைக்கும் தாய் போய்ச் சொல்வதை வீட்டார் நின்று கேட்கிறார்கள்.

எங்கள் பள்ளியில் 58 பேர். இன்னும் மூன்று பிள்ளைகள் சேர்ந்தால் மூன்றாவது ஆசிரியரை அட்டவணையைக் காட்டியே கேட்கலாம். காலனித் தெருவில் நான்கு வீட்டிலும் செங்கல் சூளைப் பக்கம் இரண்டு வீட்டிலும் ஐந்து வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று பட்டியல் எழுதி வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலை போகிறோம்.